நிலா பிறகு வந்தது, துணிதான் முதலில்

கேள்வி கேட்டவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். முழு நிலவில் மனிதன் ஓநாயாக மாறும் கதை எங்கே பிறந்தது? வேர்வுல்ஃப், லைகாந்த்ரோப், லூ-காரூ என்பதெல்லாம் ஒன்றுதானா? இதற்கெல்லாம் பின்னால் ஒரு ரத்த நோய் இருக்கிறது என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்களே, உண்மையா? மூன்றையும் கிளறிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான் என்று தோன்றுகிறது: இன்று நமக்குத் தெரிந்த ஓநாய் மனிதனில் எவ்வளவு பழசு, எவ்வளவு சினிமாக்காரர்கள் சேர்த்தது? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நாட்டார் வழக்காறு படித்து, பல வருஷம் அதையே வகுப்பில் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில் எழுதுகிறேன். லத்தீன், பழைய நார்ஸ் நூல்களை மொழிபெயர்ப்பில் படித்தவன்தான் நான், மூலத்தில் அல்ல. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஊற்று. ஒரே ஊற்று என்று எதையும் காட்ட முடியாது. இணையத்தில் கில்காமேஷ் காவியத்தைக் காட்டுவார்கள். அந்தப் பழைய மெசொப்பொட்டேமியக் காவியத்தில் இஷ்தார் என்ற பெண் தெய்வம் தன்னை நேசித்த ஓர் ஆட்டிடையனை ஓநாயாக்கிவிடுகிறாள், அவன் வளர்த்த நாய்களே அவனைக் கடிக்கின்றன. அருமையான இடம். ஆனால் அது சாபம், ஒருவழிப் பாதை. போவதும் திரும்பி வருவதும் இருந்தால்தான் ஓநாய் மனிதன் கதை என்பேன். அந்த வகையில் பழைய சாட்சி கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கருங்கடலுக்கு வடக்கே சிதியர்களுக்கு அப்பால் வாழ்ந்த நியூரி என்ற மக்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை சில நாள் ஓநாயாக இருந்துவிட்டு மறுபடி மனிதராவார்கள் என்று எழுதுகிறார். சொன்னவர்கள் சத்தியம் செய்து சொன்னார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். 2,400 ஆண்டுகளாக இந்தக் கதையை எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இதே தொனியில்தான் எழுதுகிறார்கள்: நான் நம்பவில்லை, ஆனாலும் கேளுங்கள்.

கிரேக்கத்தில் அர்காடியா மலைநாட்டில் இன்னொரு கொத்துக் கதைகள் உண்டு. லைகாவோன் என்ற அரசன் ஜீயஸுக்கே மனித மாமிசத்தைப் பரிமாறி ஓநாயாக்கப்பட்டான் என்பதை ரோமானியக் கவிஞர் ஓவிட் வழியாக உலகம் அறியும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் தகவல். அர்காடியாவில் ஒரு குடும்பத்திலிருந்து சீட்டுப் போட்டு ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்களாம். அவன் ஓர் ஏரிக்கரையில் துணியைக் கழற்றி ஓக் மரத்தில் மாட்டிவிட்டு, நீந்தி அக்கரை போய், ஓநாயாகி ஒன்பது ஆண்டு திரிவான். அதுவரை மனித மாமிசம் தொடாமலிருந்தால் அதே ஏரியை நீந்தித் திரும்பி மனிதனாவான், ஒன்பது வயது கூடியிருக்கும். இதைச் சொல்லிவிட்டு, கிரேக்கர்கள் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள் என்று பிளினி சலித்துக்கொள்கிறார்.

இளைஞன் ஊரை விட்டுப் போய், காட்டில் சில காலம் கழித்து, பெரியவனாகத் திரும்பும் ஒரு சடங்கின் நினைவு இது என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். பொருத்தமான ஊகம், ஆனால் ஊகம்தான். 2016இல் அதே அர்காடியாவின் லைகாயோன் மலையில் உள்ள சாம்பல் பலிபீடத்தில் ஒரு பதின்வயதுச் சிறுவனின் எலும்புக்கூடு கிடைத்தது. சுமார் 3,000 ஆண்டு பழையது. உடனே நரபலி நிரூபணமானது என்று செய்திகள் வந்தன. எலும்புக்கூடு உண்மை, இடம் உண்மை. அது பலியா என்பதை அந்த எலும்பு சொல்லவில்லை.

இனி, பழங்கதை எப்படி இருந்தது என்று ஒன்றை அருகில் போய்ப் பார்ப்போம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பெட்ரோனியஸ் எழுதிய நூலில், ஒரு விருந்தில் நைசெரோஸ் என்பவன் சொல்வது இது. அவன் அப்போது அடிமை. புருஷனை இழந்த மெலிஸ்ஸாவைப் பார்க்க ராத்திரியில் கிளம்புகிறான், துணைக்கு ஒரு படைவீரனையும் கூட்டிக்கொள்கிறான். நிலா பகல்போல் காய்கிறது. வழியில் கல்லறைகள். படைவீரன் ஒதுங்குகிறான், இவன் பாட்டு முணுமுணுத்தபடி கல்லறைக் கற்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திரும்பிப் பார்த்தால் அந்த ஆள் எல்லாத் துணியையும் அவிழ்த்துப் பாதையோரம் வைத்து, அதைச் சுற்றிலும் சிறுநீர் கழித்து, சட்டென்று ஓநாயாகி ஊளையிட்டுக் காட்டுக்குள் ஓடுகிறான். இவன் கிட்டே போய்த் துணியை எடுக்கப் பார்த்தால் அது கல்லாகிக் கிடக்கிறது! நிழலையெல்லாம் வாளால் வெட்டிக்கொண்டே மெலிஸ்ஸா வீடு போய்ச் சேர்ந்தால் அவள் சொல்கிறாள்: கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா, ஓர் ஓநாய் புகுந்து ஆடுகளைக் கசாப்புக்காரன் மாதிரி ரத்தம் வடித்துவிட்டது, ஆனால் நம்ம ஆள் ஈட்டியால் அதன் கழுத்தில் குத்திவிட்டான். விடிந்ததும் ஊருக்கு ஓடுகிறான். துணி கிடந்த இடத்தில் ரத்தம் மட்டும். வீட்டில் படைவீரன் மாடு மாதிரி படுத்துக் கிடக்கிறான், வைத்தியர் கழுத்துக்கு மருந்து போடுகிறார். அதன்பிறகு அவனோடு உட்கார்ந்து ஒரு வாய் ரொட்டிகூடத் தின்ன என்னால் முடியவில்லை என்று முடிக்கிறான்.

இதில் நிலா இருக்கிறது. ஆனால் அது வழி தெரிவதற்கான வெளிச்சம், அவ்வளவுதான். மாற்றத்தின் சாவி துணியில் இருக்கிறது. பிளினியில் மரத்தில் மாட்டிய துணி, இங்கே கல்லான துணி. நைசெரோஸ் அவனைக் குறிக்கும் லத்தீன் சொல் வெர்ஸிபெல்லிஸ், அதாவது தோல் மாற்றுகிறவன். ஓநாய் என்ற பேச்சே அந்தச் சொல்லில் கிடையாது. பழங்கதைகளைப் படிக்கும்போது நிலாவைத் தேடாதீர்கள், உடம்பின் மேல் எதைப் போட்டார்கள், எதைக் கழற்றினார்கள் என்று பாருங்கள் என்பதைத்தான் என் மாணவர்களுக்கும் சொல்வேன்.

ஐஸ்லாந்தின் வோல்சுங்க சாகாவில் சிக்முண்டும் சின்ஃப்யோட்லியும் காட்டுக் குடிசையில் ஓநாய்த் தோல்களைக் கண்டெடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். பத்தாம் நாள்தான் கழற்ற முடியும். கழன்றதும் முதல் வேலையாக அந்தத் தோல்களை எரித்துவிடுகிறார்கள். வட ஐரோப்பியப் படைவீரர்களில் உல்ஃபெத்நார் என்றொரு கூட்டம் இருந்தது, ஓநாய்த் தோல் போர்த்தியவர்கள் என்று பொருள். அங்கே ஓநாயாவது தண்டனையில்லை, போர் வெறி.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாரி த ஃபிரான்ஸ் என்ற பெண் கவிஞர் எழுதிய பிஸ்க்லாவ்ரெட் கதையில் இது வேறு நிறம் எடுக்கிறது. இன்றைய பிரான்சின் பிரிட்டனியில் ஒரு பிரபு, நல்லவன், வாரத்தில் மூன்று நாள் காணாமல் போவான். மனைவி நச்சரித்துக் கேட்டு உண்மையைக் கறந்துவிடுகிறாள். துணியை எங்கே வைப்பாய் என்பதுதான் அவள் கேட்கும் அடுத்த கேள்வி. பிறகு தன்மேல் ஆசைப்பட்ட ஒரு வீரனை வைத்து அந்தத் துணியைத் திருடச் செய்கிறாள். துணி இல்லாமல் அவன் ஓநாயாகவே மாட்டிக்கொள்கிறான். வேட்டைக்கு வந்த அரசனின் காலில் முத்தமிட்டு அரண்மனை சேர்கிறான், கடைசியில் துரோகம் செய்தவளின் மூக்கைக் கடித்தெடுக்கிறான். துணியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தால் ஓநாய் ஏறிட்டும் பார்க்கவில்லை. அங்கிருந்த ஒரு பெரியவர் சொல்கிறார்: இத்தனை பேர் பார்க்க உடுத்த அவனுக்கு வெட்கமாக இருக்காதா, தனி அறையில் விடுங்கள். கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திறந்தால், அரசனின் கட்டிலில் மனிதன் தூங்கிக்கொண்டிருக்கிறான். எண்ணூறு வருஷத்துக்கு முன் எழுதிய இந்த வெட்கத்தை எந்தத் திகில் படமும் தொடவில்லை என்பது என் கருத்து.

சரி, பெயர்களுக்கு வருவோம். வேர்வுல்ஃப் பழைய ஆங்கிலச் சொல். வேர் என்றால் ஆண், மனிதன். லத்தீனின் விர், சமஸ்கிருதத்தின் வீர எல்லாம் ஒரே குடும்பம், அதே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்ததுதான் நம் வீரன். வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல் முதலில் எழுத்தில் தலைகாட்டுவது திகில் கதையில் இல்லை, சட்டத்தில். 1020ஐ ஒட்டி இங்கிலாந்து அரசன் க்னூட் வெளியிட்ட சட்டத்தில், ஆயர்கள் மந்தையை விழித்திருந்து காக்க வேண்டும், வெறிபிடித்த வேர்வுல்ஃப் அதைக் கிழித்துவிடக் கூடாது என்று வருகிறது. அங்கே அந்தச் சொல் சாத்தானைக் குறிக்கிறது. பிரெஞ்சில் காரூ என்பதே ஜெர்மானிய மொழியிலிருந்து வந்த வேர்வுல்ஃப்தான். காலப்போக்கில் பொருள் மறந்துபோய் முன்னால் லூ, அதாவது ஓநாய், என்று மறுபடி சேர்த்தார்கள். நடுசென்டர் என்கிறோமே, அந்த மாதிரி.

லைகாந்த்ரோபி வேறு வழியில் வந்தது. கிரேக்கத்தில் ஓநாய், மனிதன் என்ற இரண்டு சொல்லின் சேர்க்கை, ஆனால் பிறந்தது வைத்தியர்கள் கையில். 2ஆம் நூற்றாண்டில் சீடே ஊர் மார்செல்லஸ் என்ற மருத்துவர் இதை ஒரு மனநோயாக எழுதிவைத்தார். இவர்கள் பிப்ரவரி இரவுகளில் வெளியே போய் விடியும்வரை கல்லறைகளைச் சுற்றுவார்கள், முகம் வெளுத்திருக்கும், கண்ணும் நாக்கும் வறண்டிருக்கும், கீழே விழுந்து விழுந்து காலெல்லாம் புண்ணாக இருக்கும் என்கிறார். ரோமம் முளைப்பதாக ஒரு வார்த்தை இல்லை. ஆக, வேர்வுல்ஃப் என்பது கதைப் பாத்திரம், லைகாந்த்ரோபி என்பது நோயின் பெயர். பிற்காலத்தில்தான் இரண்டும் கலந்தன. சிலாவிய மொழிகளின் வூகோட்லாக் இன்னொரு குழப்பம். ஓநாய் ரோமம் என்ற பொருளில் தொடங்கிய சொல், செர்பியாவில் ரத்தக் காட்டேரியையும் குறிக்கத் தொடங்கியது. கிரேக்கத்துக்குப் போய் வ்ரிகோலகாஸ் ஆனபோது, கல்லறையிலிருந்து எழுந்து வரும் பிணம் என்றே ஆகிவிட்டது. ருமேனியாவில் அதே சொல் கிரகணத்தில் நிலாவைத் தின்னும் பிராணிக்குப் பெயர், நம்ம ராகு கேது செய்யும் வேலை. சொல் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

திருச்சபை ஆரம்பத்தில் இதை நம்புவதையே பாவம் என்றது. கடவுளைத் தவிர யாராலும் ஓர் உயிரை வேறொன்றாக மாற்ற முடியாது, பிசாசு காட்டுவது மாயத் தோற்றம் மட்டும் என்பது அகஸ்டின் காலத்திலிருந்து வந்த நிலை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் சூனியக்காரர் வேட்டை சூடுபிடித்ததும் காற்று மாறியது. 1589இல் கொலோன் அருகே பெட்பர்க்கில் பேட்டர் ஸ்டுப் என்பவனைச் சக்கரத்தில் வைத்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். பிசாசு கொடுத்த கச்சையைக் கட்டினால் ஓநாயாவேன் என்று வாக்குமூலம். மறுபடியும் உடம்பில் கட்டும் ஒரு பொருள், கவனியுங்கள். அந்தக் கச்சையைத் தேடிப் போனவர்களுக்கு அது கிடைக்கவில்லை, பிசாசே திரும்ப எடுத்துக்கொண்டது என்று முடிவு செய்தார்கள். வாக்குமூலம் வாங்கிய விதத்தைப் பார்த்தால், அவன் கொலைகாரனா வெறும் பலிகடாவா என்பதை இன்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1603இல் போர்தோ நீதிமன்றம் வேறு மாதிரி நடந்துகொண்டது. குழந்தைகளைத் தின்றேன், காட்டுப் பிரபு ஒருவர் ஓநாய்த் தோல் கொடுத்தார் என்று சொன்ன ழான் கிரெனியே பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன். புத்தி வளராதவன் என்று சொல்லி உயிரோடு விட்டு, ஆயுளுக்கும் ஒரு மடத்தில் அடைத்தார்கள். இங்கிலாந்தில் ஓநாய் வழக்குகளே நடக்கவில்லை, அங்கே ஓநாய்கள் ஏற்கெனவே தீர்ந்துவிட்டிருந்தன. அந்த ஊர் சூனியக்காரிகள் முயலாகத்தான் மாறினார்கள்.

ஆனால் எல்லா வழக்கிலும் விசித்திரமானது 1691இல் லிவோனியாவில், இன்றைய லாட்வியாவில், நடந்தது. தீஸ் என்ற கிழவர், எண்பதைத் தாண்டியவர், ஒரு கோயில் திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல வந்தார். அவர் ஓநாய் என்பதுதான் ஊருக்கே தெரியுமே என்று யாரோ சிரிக்க, நீதிபதிகள் அவரையே விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஆமாம், ஓநாய்தான், நாங்கள் கடவுளின் வேட்டை நாய்கள் என்றார் அவர். சூனியக்காரர்கள் விளைச்சலை நரகத்துக்குத் திருடிக்கொண்டு போகிறார்கள், நாங்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய லூசியா இரவிலும் வேறு இரண்டு இரவுகளிலும் பூமிக்கடியில் போய் இரும்புக் கம்பியோடு சண்டை போட்டு அதை மீட்டு வருகிறோம், இல்லாவிட்டால் ஊர் பட்டினி என்றார். பாதிரியார் எவ்வளவு சொல்லியும் பிசாசோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார். 1692இல் கசையடியும் நாடுகடத்தலும் தீர்ப்பானது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு பரந்த நம்பிக்கையின் எச்சம் இது என்று இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் வாதிட்டார். இத்தாலியின் ஃப்ரியூலியில் விளைச்சலுக்காக ஆவியாகப் போய்ச் சண்டை போட்டதாகச் சொன்ன விவசாயிகளோடு ஒப்பிட்டார். ஒரே ஒரு கிழவரின் பேச்சை வைத்து அவ்வளவு தூரம் போக முடியுமா என்று மறுப்பவர்களும் உண்டு. நான் மறுப்பவர்கள் பக்கம் சாய்கிறேன், என்றாலும் தீஸ் தனியாகக் கற்பனை செய்தார் என்றும் தோன்றவில்லை. அதே பகுதியின் ஓநாய் மனிதர்கள் கிறிஸ்துமஸ் இரவில் கூடி, வீட்டு நிலவறைகளில் புகுந்து பீப்பாய் பீப்பாயாகப் பீர் குடித்துவிட்டு, காலிப் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் போவார்கள் என்று 1555இலேயே சுவீடன் பேராயர் ஒலாவுஸ் மாக்னுஸ் எழுதியிருக்கிறார்.

நிலாவும் வெள்ளியும் எப்போது வந்தன? எல்லாமே ஹாலிவுட் என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் முழு உண்மை இல்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டில்பரி ஊர் ஜெர்வாஸ், இங்கிலாந்தில் நிலாவின் மாற்றத்துக்கேற்ப மனிதர்கள் ஓநாயாவதாக எழுதியிருக்கிறார். ஆனால் அது தனிக் குரல். பௌர்ணமிதோறும் தவறாமல் மாறுவது, கடித்தால் தொற்றுவது என்ற இரண்டும் ஒன்றாக வருவது 1935இல் வெளிவந்த லண்டன் ஓநாய் மனிதன் படத்தில். பழைய கதைகளில் கடிபட்டவன் செத்தான் அல்லது பிழைத்தான், ஓநாயாகவில்லை. 1941இல் வந்த ஓநாய் மனிதன் (The Wolf Man) படத்துக்குத் திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக் நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூதர். அடுத்துச் சாகப்போகிறவர் உள்ளங்கையில் நட்சத்திரம் தெரியும் என்று அவர் வைத்தார். எங்கிருந்து அந்த எண்ணம் வந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. வெள்ளித் தோட்டா சாதாரணக் குண்டு பாயாத சூனியக்காரர்களுக்கான பழைய வைத்தியம். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் ஊரில் மாணவர்கள் வெள்ளிப் பொத்தான்களை உருக்கி ஓநாய் மனிதர்களைச் சுட்டார்கள் என்று ஒரு கதை 19ஆம் நூற்றாண்டில் பதிவாகியிருக்கிறது. எனவே வேர் உண்டு. ஆனால் 1764 முதல் 1767 வரை பிரான்சின் ஜெவோதானில் ஏறக்குறைய நூறு பேரைக் கொன்ற மிருகத்தை வெள்ளிக் குண்டால் சுட்டார்கள் என்பது பிற்கால ஜோடனை, அந்தக் காலப் பதிவுகளில் வெள்ளி இல்லை.

கடைசியாக அந்த ரத்த நோய். போர்ஃபிரியா என்பது அது. 1964இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் இதை ஓநாய் மனிதன் நம்பிக்கைக்கு விளக்கமாக முன்வைத்தார். வெயில் படாத தோல், சிவந்த பல், ரோமம் என்று கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் மேலே சொன்ன ஒருவரையும் பாருங்கள்: ஸ்டுப், கிரெனியே, தீஸ் யாரும் உடம்பு பார்க்க எப்படி இருந்தார்கள் என்பதற்காகக் கூண்டில் ஏறவில்லை. இந்த விளக்கம் சினிமா ஓநாய்க்குத்தான் பொருந்துகிறது. உடம்பெல்லாம் ரோமம் முளைக்கும் நோயும் அப்படித்தான். 16ஆம் நூற்றாண்டில் தெனெரிஃபே தீவிலிருந்து வந்த பெத்ருஸ் கொன்சால்வுஸுக்கு முகமெல்லாம் ரோமம். அவரை யாரும் ஓநாய் என்று எரிக்கவில்லை. பிரெஞ்சு அரசவையில் லத்தீன் படிக்கவைத்தார்கள், கல்யாணம் செய்துவைத்தார்கள், ஓவியம் வரைந்தார்கள். தான் மிருகமாகிவிட்டதாக நம்பும் மனநிலை மட்டும் உண்மையான நோய், இன்றைய மனநல மருத்துவ இதழ்களிலும் அரிதாக வருகிறது. அதிலும் ஓநாய் கட்டாயமில்லை. மாடு போல் புல் மேய்ந்த பைபிளின் நேபுகாத்நேச்சாரையும் இந்தக் கணக்கில்தான் பழைய வைத்தியர்கள் வைத்தார்கள்.

பின்னூட்டத்தில் இன்னொருவர் நம் பக்கம் இது இல்லையா என்று கேட்டிருந்தார். அந்தந்த ஊருக்குப் பயமுறுத்தும் மிருகம் எதுவோ அதுவாக மாறுவார்கள். மலாய் நாட்டிலும் சுமத்ராவிலும் புலி. அங்கே மேலுதட்டின் நடுப்பள்ளம் இல்லாதவனைச் சந்தேகப்படுவார்கள். மலபாரில் தைலம் பூசி மாடாகவோ நாயாகவோ மாறி இருட்டில் வழிமறிக்கும் ஒடியன் உண்டு. இவற்றுக்கும் ஐரோப்பிய ஓநாய்க்கும் வரலாற்றுத் தொடர்பு காட்ட யாராலும் முடிந்ததில்லை, அதனால் ஒரே வேர் என்று எழுதாதீர்கள். ஒடியனைப் பற்றித் தனியாகக் கேட்டால் தனியாக எழுதுகிறேன், அங்கே சாதியையும் நிலத்தையும் பேசாமல் ஒரு வரி நகர முடியாது.